கண்ணாடி யாருக்கு வேண்டும்?

சென்ற மாதம் நம் தோழர்கள் கூட்டிய ஒரு கூட்டத்தில் பேசிய இளைஞர் ஒருவர், தம் பேச்சின் முடிவில் ஒரு பத்திரிகைத் துண்டை உயர்த்திக் காட்டி, "ஆட்டிசம் என்னும் குறையுள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக அலைந்தீர்களே, எந்தச் சாமி கண் திறந்தது? அமெரிக்காவில் ஒரு மூக்குக் கண்ணாடி செய்திருக்கிறார்கள். அதை மாட்டினால் பிள்ளை மனிதர் முகத்தைப் பார்க்கிறது, சிரிக்கிறது, பழகுகிறது. சாமி செய்யாததைக் கண்ணாடி செய்துவிட்டது!" என்று சொன்னார். கூட்டம் கை தட்டிற்று. நாமும் தட்டினோம். தட்டாமல் இருந்திருக்க வேண்டும்.

கூட்டம் கலைந்த பின்பு ஒரு கைத்தறி நெசவாளி நம்மைத் தேடி வந்தார். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகன் இருக்கிறான். ஆட்டிசம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கண்ணாடி என்ன விலைங்க ஐயா? தறியை வித்தா வாங்கிடலாமுங்களா?" நம்மிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்லுகிறோம் என்று அனுப்பி வைத்தோம். விசாரித்ததை அவருக்கும், அவரைப்போல் தறியையோ காணியையோ தாலிக்கொடியையோ விற்க நினைத்திருப்பவர்களுக்கும், முக்கியமாக அன்று யோசியாமல் கை தட்டிய நமக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கண்ணாடி இன்னதென்று சொல்லிவிடுகிறோம். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குப் பிறர் முகக்குறிப்பை அறிவது பிரயாசையான காரியம். அந்தப் பிரயாசையைக் குறைக்க வேண்டி, கலிபோர்னியா மாகாணத்திலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் டென்னிஸ் வால் என்பவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் காட்டலின் வோஸ் முதலியவர்கள் இதை ஏற்பாடு செய்தார்கள். கண்ணாடியை அவர்கள் செய்யவில்லை. கூகுள் கம்பெனியார் 2013-ல் விற்கத் தொடங்கிய 'கூகுள் கிளாஸ்' என்பதையே எடுத்துக்கொண்டார்கள். முன்பக்கம் ஒரு சிறு காமிரா, வலது கண்ணுக்கு மேல் ஒரு சிறு திரை. பிள்ளை அதை மாட்டிக்கொண்டு தாயைப் பார்த்தால், தாயின் முகம் காமிரா வழியாகப் பக்கத்திலுள்ள கைப்பேசிக்குப் போகும். முகம் அகப்பட்டவுடன் திரையில் ஒரு பச்சைக் கட்டம் மின்னும். கைப்பேசியிலுள்ள கணக்கு அந்த முகத்தை மகிழ்ச்சி, வருத்தம், கோபம், அருவருப்பு, வியப்பு, பயம், இகழ்ச்சி, ஒன்றுமில்லாமை என்ற எட்டில் ஒன்றாக முடிவு கட்டிச் சொல்லும். இதை வைத்து இரண்டு விளையாட்டுகளும் ஏற்படுத்தினார்கள். ஒன்றில் பெற்றோர் முகத்தை ஒரு விதமாக வைத்துக்கொள்ள, அது என்னவென்று பிள்ளை கண்டு சொல்ல வேண்டும். மற்றொன்றில் குறிப்பிட்ட ஒரு முகத்தைப் பெற்றோரிடம் பிள்ளை வரவழைக்க வேண்டும்.

இதை அவர்கள் சோதித்த விதத்தைத்தான் நம் தோழர்கள் கவனிக்க வேண்டுகிறோம். 6 வயது முதல் 12 வயது வரையுள்ள 71 பிள்ளைகள். எல்லோரும் ஏற்கனவே ஒருவகைப் பயிற்சி பெற்று வருகிறவர்கள். சீட்டுப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்து, 40 பேர் வீட்டுக்குக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். 31 பேருக்குக் கொடுக்கவில்லை. வாரத்துக்கு நான்கு தடவை, தடவைக்கு 20 நிமிஷம், 6 வாரம். முடிவை 2019 மார்ச்சில் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். எந்தத் தேவஸ்தானமாவது வேண்டுதல் செய்தவர் இத்தனை பேர், செய்யாதவர் இத்தனை பேர், பலித்தது இத்தனை என்று பிரித்து எண்ணிப் பார்த்து அச்சுப் போட்டதுண்டா? போட்டால் உண்டியல் என்ன ஆகும்? ஆகவே எண்ணிப் பார்த்தவர்களை மதிக்கிறோம். மதிப்பதினாலேயே அந்த எண்ணிக்கையை நாமும் படிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

படித்தால் என்ன தெரிகிறது? முக்கியமென்று முன்கூட்டியே வைத்துக்கொண்ட அளவைகள் நான்கு. பிள்ளை அன்றாடம் பிறரோடு பழகும் விதத்தைப் பெற்றோரைக் கேட்டு எண் போடும் 'வைன்லாண்ட்' என்ற அளவையில், கண்ணாடி போட்டவர்கள் போடாதவர்களைவிடச் சராசரி 4.58 எண் கூடுதலாய் முன்னேறினார்கள். மற்ற மூன்றிலும் சிறிது முன்னேற்றம் தென்பட்டாலும், அது தற்செயலாய் வந்ததல்லவென்று நிச்சயமாய்ச் சொல்லத்தக்கதாயில்லை. இதை அந்த ஆராய்ச்சிக்காரர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அன்றியும், எண் போடுவதற்குப் பதில் சொன்னவர்கள் பெற்றோர். தங்கள் பிள்ளை கண்ணாடி போட்டதா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியும். ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு எள் மலையாகத் தெரிவது தாய் தகப்பனுக்குக் குற்றமல்ல. ஆனால் அது எண்ணில் ஏறிவிடும். இன்னொன்று: கண்ணாடி வந்த வீட்டில் தாயோ தகப்பனோ வாரம் நான்கு தடவை, மற்ற வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையின் எதிரே உட்கார்ந்து, முகத்தைக் கோணிக் காட்டி விளையாடினார்கள். மற்ற 31 வீடுகளுக்கு அந்த விளையாட்டுக் கொடுக்கப்படவில்லை. பலன் கொடுத்தது கண்ணாடியா, தாய் எதிரே உட்கார்ந்ததா? இந்தச் சோதனையைக் கொண்டு அதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

நம் இளைஞர் காட்டிய பத்திரிகைத் துண்டில் இதொன்றும் இல்லை. "அதிசயக் கண்ணாடி" என்ற தலைப்பு மாத்திரம் பெரிய எழுத்தில் இருந்தது. அதிசயம் என்ற சொல் புராணக்காரனுக்கு உரியது. அதை அவனிடமே விட்டுவிடலாம்.

விலையைக் கேட்டாரே, அதையும் சொல்லிவிடுகிறோம். 2013-ல் கூகுள் கம்பெனியார் வைத்த விலை 1,500 டாலர். 2015-ல் பொதுஜனங்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். 2017-ல் தொழிற்சாலைகளுக்கும் கம்பெனிகளுக்குமென்று மறுபடியும் கொண்டுவந்தார்கள். 2023 மார்ச்சில் அதையும் நிறுத்திவிட்டார்கள். அதாவது, எந்தக் கண்ணாடியைச் சோதித்துப் பலன் என்று எழுதினார்களோ அந்தக் கண்ணாடிக்கு இன்று கடையே கிடையாது! வேறு கம்பெனிக்காரர்கள் வேறு கண்ணாடி விற்கிறார்கள். நாளைக்கு எவனாவது ஒருவன் நம் ஊருக்கு வந்து, "இதுதான் அது" என்று ஸ்டான்போர்டு பெயரைச் சொல்லிப் பணம் கேட்பான். அந்த 71 பிள்ளைகளின் கணக்கு உன் கண்ணாடிக்கு எப்படிச் சேரும் என்று அவனைக் கேளுங்கள்.

நிற்க, அந்த எட்டு முகங்களின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம். மனத்திலுள்ளதை முகம் அப்படியே காட்டும் என்பது இந்த வித்தையின் அஸ்திவாரம். 2019-ல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் என்னும் அமெரிக்க மனோதத்துவ அம்மையாரும் வேறு நால்வரும் இதுபற்றி வந்த ஏராளமான ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒரே உணர்ச்சி பல முகமாய் வெளிப்படும், ஒரே முகம் பல உணர்ச்சிக்கும் வரும், ஆகையால் முகத்தை மாத்திரம் கொண்டு மனத்தைச் சொல்ல முடியாது என்பது அவர்கள் முடிவு. கோபங்கொண்டவர்கள் முகஞ் சுளிப்பது நூற்றுக்கு முப்பது தடவைக்கும் குறைவுதானாம்! இதற்கு ஆராய்ச்சி எதற்கு? கடன்காரனைக் கண்டு சிரிக்கிறவனும், சம்பந்தி வீட்டில் பல்லைக் காட்டுகிறவனும், மேலதிகாரி முன் முகம் மலர நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எறிகிறவனும் நம் தெருவிலேயே இல்லையா? 2022-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியார், உணர்ச்சி என்றால் இன்னதென்பதிலேயே ஒருமித்த அபிப்பிராயமில்லை என்று காரணஞ் சொல்லி, முகத்தைப் பார்த்து உணர்ச்சி சொல்லும் தங்கள் சரக்கை நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய யூனியனார் 2024-ல் செய்த சட்டப்படி, வேலைத்தலங்களிலும் பள்ளிகளிலும் இவ்வகை யந்திரத்தை உபயோகிப்பது 2025 பிப்ரவரி முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. வைத்தியத்துக்கும் பாதுகாப்புக்கும் மாத்திரம் விலக்கு உண்டு. மற்றப் பிள்ளைகளெல்லாம் முகத்தின் பொய்யையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்போது, இந்தப் பிள்ளைக்கு மட்டும் எட்டே எட்டு முகம் போதுமென்பது என்ன நியாயம்?

ஆனால் நாம் சொல்ல வந்த முக்கிய விஷயம் இதுவுமல்ல. யந்திரம் நாளைக்கு இன்னும் திருத்தமாகலாம். எட்டு எண்பதாகலாம். அப்போதும் ஒரு கேள்வி நிற்கும். கண்ணாடியை ஏன் பிள்ளைக்கு மாட்டுகிறோம்?

இதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1943-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி, இதற்கு ஆட்டிசம் என்று பெயர் வழங்கச் செய்தார். சில வருஷத்துக்குள், பெற்றோரின் மனத்தில் ஈரமில்லாததே காரணமென்ற பேச்சு எழுந்தது. 'குளிர்பெட்டித் தாய்' என்று பெண்களுக்குப் பெயரிட்டார்கள். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் ஒரு புஸ்தகமே எழுதி, தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். நம் ஊரில் புரோகிதன் "முன் ஜென்மத்தில் என்ன பாவம் செய்தாயோ" என்பான். அங்கே பட்டம் பெற்றவர் "இந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்தாய்" என்றார். வித்தியாசம் ஒரு ஜென்மந்தான். இரண்டு இடத்திலும் தலை குனிந்து நின்றவள் தாய். இந்தப் பித்தலாட்டத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்டு ரிம்லண்டு. அவரும் மனோதத்துவம் படித்தவர், அவர் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. இது உடற்கூற்றின் காரியம், தாயின் குற்றமல்லவென்று 1964-லேயே ஆதாரங்களோடு எழுதினார். 1977-ல் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்ததிலும் பிறவிக் காரணமே வெளிப்பட்டது. பெரிய மனிதர் சொன்னதென்று ஒப்புக்கொள்ளாமல் கேள்வி கேட்டபடியால் தாய் விடுதலையானாள்.

தாய் கூண்டைவிட்டு இறங்கினாள். கூண்டு காலியாகவில்லை, பிள்ளையை ஏற்றிவிட்டார்கள். "உனக்குப் பிறர் மனம் தெரியவில்லை, குறை உன்னிடத்தில், ஆகவே நீ கண்ணாடி போடு" என்கிறார்கள்.

2012-ல் இங்கிலாந்தில் டேமியன் மில்ட்டன் என்பவர், தாமே ஆட்டிசம் உள்ளவர், ஒரு எளிய கேள்வி கேட்டார். ஆட்டிசம் உள்ளவனுக்கு இல்லாதவன் மனம் தெரியவில்லை என்கிறீர்கள். ஆட்டிசம் இல்லாதவனுக்கு உள்ளவன் மனம் தெரிகிறதா? இரண்டு பேருக்கிடையிலுள்ள பள்ளத்தை ஒருவன் கணக்கிலேயே எழுதுவானேன்? எடின்பரோவிலிருந்த ஆராய்ச்சிக்காரர்கள் 2020-ல் 72 பேரை எட்டெட்டுப் பேராக வரிசை வைத்து, ஒருவர் காதில் ஒரு கதையைச் சொல்லி அடுத்தவருக்குச் சொல்லச் செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களே உள்ள வரிசையிலும், இல்லாதவர்களே உள்ள வரிசையிலும் கதை ஒரே அளவுக்கு நிலைத்து நின்றது. இரண்டு வகையாரையும் கலந்த வரிசையில் அதிகமாய்ச் சிதைந்தது. பின்பு 2025-ல் 311 பேரை வைத்து மறுபடியும் செய்ததில், கலந்த வரிசைகூட மற்ற வரிசைகளுக்குக் குறைந்து போகவில்லை. முதல் முடிவு நமக்குச் சாதகமாயிருக்கிறதென்று இரண்டாவதை மறைக்க நாம் பஞ்சாங்கக்காரரல்ல. ஆனால் இரண்டு சோதனையிலும் ஒன்று மாறவில்லை: ஆட்டிசம் உள்ளவர் தம்மைப் போன்றவருக்கு ஒரு செய்தியை மற்ற எவருக்கும் இளைக்காமல் சொல்லக் கூடியவராயிருக்கிறார்.

சுயமரியாதைக்காரர்களுக்கு இது விளங்காமற் போகாது. பண்ணையாள் எசமான் முகத்தைப் படிக்கக் கற்றவன். வாசலில் நிற்கும்போதே இன்று அடியா, வசவா, கூலியா என்று அவனுக்குத் தெரியும். தெரியாவிட்டால் பிழைக்க முடியாது. எசமானுக்குப் பண்ணையாள் முகம் படிக்கத் தெரியுமா? தெரிய வேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை. மாமியார் முகத்தை மருமகள் படிக்கிறாள். யார் யார் முகத்தைப் படிக்கக் கடமைப்பட்டவன் என்பதிலேயே மேல் கீழ் அடங்கியிருக்கிறது. "எங்களைப்போல் உடுத்து, எங்களைப்போல் பேசு, எங்களைப்போல் நட, அப்புறம் மனிதனாக நினைக்கிறோம்" என்று நமக்குச் சொன்னவர்களுக்கு நாம் என்ன பதில் சொன்னோம்? அதே பதிலை இந்தப் பிள்ளை தன் வாயால் சொல்ல முடியாவிட்டால், அதற்காக நாம் எசமான் பக்கம் போய் உட்காருவதா?

கண்ணைப் பார்க்கும் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 14 குடும்பங்களில் இந்தக் கண்ணாடியைப் பரீட்சித்தபோது, 12 குடும்பத்தார் தங்கள் பிள்ளை முன்னைவிட அதிகமாய்க் கண்ணைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். இதைப் பெரிய வெற்றியாக எழுதினார்கள். பெற்றோர் சந்தோஷப்படுவதை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் கண்ணைப் பார்ப்பதுதான் மரியாதை என்று யார் விதித்தது? நம் நாட்டில் நேற்றுவரை பெரிய சாதிக்காரன் கண்ணைப் பார்த்துப் பேசியவனைத் திமிர் என்று கட்டி வைத்து அடித்தார்கள். இங்கே பார்த்தால் குற்றம், அங்கே பார்க்காவிட்டால் நோய்! ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், பிறர் கண்ணைப் பார்ப்பது தங்களுக்கு வேதனையாயிருக்கிறதென்றும், பார்க்காதபோதுதான் பேசுவது நன்றாய்க் காதில் ஏறுகிறதென்றும் சொல்லியும் எழுதியும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்டபாடில்லை.

அப்படியானால் பிள்ளைக்கு ஒன்றும் கற்பிக்க வேண்டாமா, கண்ணாடியை உடைத்துப் போடுவதா என்று கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. குருடனுக்குக் கோல் உதவுகிறது, செவிடனுக்குக் காதுக் கருவி உதவுகிறது. உலகம் முரடாயிருக்கிறது, கோபமாய் வருகிறவன் முகத்தை முன்கூட்டி அறிந்தால் ஒரு பிள்ளை அடி படாமல் தப்பலாம். பிள்ளை ஆசையோடு போட்டுக்கொண்டு, வேண்டாதபோது கழற்றி வைக்கத் தனக்கு அதிகாரமுள்ளவனாயிருந்தால், அது அவன் கருவி. கழற்றினால் திட்டு விழுமென்றால், அது மாட்டுக்கு மாட்டும் மூக்கணாங்கயிறு. மூக்கில் மாட்டுவதாலேயே எல்லாம் மூக்குக் கண்ணாடியாகிவிடாது. தவிர, வீட்டிலுள்ளோர் முகமெல்லாம் காமிராவில் ஏறுகிறதே, அது யாரிடத்தில் தங்குகிறது என்பதையும் வாங்குகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி அந்த நெசவாளிக்கு. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பையன் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நம்மைப் பார்க்கவில்லை. தகப்பனார் நம்மோடு பேசிக்கொண்டே நெய்துகொண்டிருந்தார். நடுவில் பையன் சட்டென்று கையை நீட்டிப் பாவைத் தட்டினான். தறி நின்றது. பார்த்தால் ஒரு இழை அறுந்திருக்கிறது. "சத்தத்திலேயே கண்டுபிடிச்சிடுவானுங்க. எனக்கு முப்பது வருஷமாச்சு, எனக்குத் தெரியாது" என்றார். பசித்தால் என்ன செய்வான் என்று கேட்டோம். அடுப்பங்கரை நிலைப்படியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பானாம். பயந்தால்? மேல் துண்டைப் பிடித்து மூன்று தடவை முறுக்குவானாம். சந்தோஷமென்றால் தறி ஓசைக்குத் தக்கபடி விரலை அடிப்பானாம். அவர் சொல்லச் சொல்ல நாம் எண்ணினோம்; எட்டுக்கு மேலேயே போயிற்று. இவ்வளவையும் எந்தக் கண்ணாடியும் போடாமல் படித்திருக்கிற மனிதர், தமக்கு ஒன்றும் தெரியாதென்று நினைத்துத் தறியை விற்கக் கிளம்பியிருக்கிறார்!

தறியை விற்க வேண்டாமென்று சொன்னோம். அவருக்கு உரியதாய் வேறு சில உண்டு. அவற்றை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 2016-ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊனமென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளிக்கூடத்திலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாய்ப் படிக்க உரிமை உண்டு. சர்க்காரின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' என்ற காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவுக்கு வழியிருக்கிறது. அவரிடம் வைத்தியர் எழுதிய காகிதம் இருக்கிறது. சர்க்கார் சான்றிதழ் இல்லை. அதற்கு மனு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

பள்ளிக்கூடம்தான் பாக்கி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பையனை இரண்டு வருஷத்துக்கு முன் சேர்த்தபோது, "முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லமாட்டேன் என்கிறான், மற்றப் பிள்ளைகள் கெட்டுப் போகும்" என்று சொல்லி ஒரு மாதத்தில் அனுப்பிவிட்டார்களாம். வருகிற திங்கட்கிழமை காலை அவரோடும் பையனோடும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம். சட்டத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நிலைப்படியையும் துண்டையும் விரலையும் பற்றி ஆசிரியருக்குச் சொல்லத் தகப்பனார் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். உடன் வர விருப்பமுள்ள தோழர்கள், அன்று கூட்டத்தில் பேசிய இளைஞர் உள்பட, ஒன்பது மணிக்கெல்லாம் நம் காரியாலயத்துக்கு வந்து சேரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். பையனுக்கு இரைச்சல் ஆகாது. கோஷம் போட வேண்டாம்.